கால்சியம் மாத்திரை மட்டும் போதுமா? எலும்பு கேட்கும் பால் புரதம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 60 முதியோர் இல்லங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பரிசோதனை நடத்தினார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் 7,195 பேர். சராசரி வயது 86. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். பாதி இல்லங்களில் வழக்கமான சாப்பாடு அப்படியே தொடர்ந்தது. மீதிப் பாதியில் பால், தயிர், சீஸ் மூன்றையும் கூட்டிப் பரிமாறினார்கள். இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின.

கூடுதலாகப் பால் பொருட்கள் கிடைத்த இல்லங்களில் எலும்பு முறிவு 33 சதவீதம் குறைந்தது. இடுப்பு எலும்பு முறிவு 46 சதவீதம் குறைந்தது. வழக்கமான சாப்பாடு கிடைத்த பக்கம் 93 பேருக்கு இடுப்பு முறிந்திருந்தது, பால் கூட்டிய பக்கம் 42 பேருக்கு. கீழே விழுவதுகூட 11 சதவீதம் குறைந்திருந்தது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாண்ட்ரா யூலியானோவின் குழு செய்த இந்த ஆய்வு 2021 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. 86 வயதில் எலும்புக்கு இனி என்ன செய்ய முடியும் என்று கைவிட்டிருந்தவர்களை அது நிமிர்ந்து உட்கார வைத்தது.

இடுப்பு எலும்பு முறிவு என்றால் என்ன என்பது வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்குத் தெரியும். பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டி அதன்பிறகு எழுந்து நடமாடாமலே போன கதை ஒவ்வொரு தெருவிலும் உண்டு. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்று மேலைநாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. பிழைப்பவர்களிலும் பலர் முன்போல நடப்பதில்லை. இத்தனை பெரிய துன்பத்தைச் சாப்பாட்டுத் தட்டில் செய்த ஒரு மாற்றம் பாதியளவுக்குக் குறைத்தது என்றால், அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

"பாலில் கால்சியம் இருக்கிறது, அதனால்தான்" என்பது உடனே வரும் பதில். அது பாதி உண்மை. மெல்பர்ன் குழு கூட்டிக் கொடுத்த உணவில் நாளொன்றுக்குச் சராசரியாக 562 மில்லிகிராம் கால்சியம் இருந்தது. கூடவே 12 கிராம் புரதமும் இருந்தது. இந்த இரண்டாவது எண்ணைத்தான் நாம் கவனிப்பதில்லை. பரிசோதனை தொடங்கிய மூன்றாவது மாதத்திலேயே விழுவது குறைந்தது தெளிவாகத் தெரிந்தது. ஐந்தாவது மாதத்தில் இடுப்பு முறிவு குறைந்தது தெரிந்தது. இத்தனை சீக்கிரம் பலன் வந்ததைக் கால்சியத்தை மட்டும் வைத்து விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. விழாமல் உடம்பைத் தாங்குவது தசை, தசைக்குத் தேவை புரதம்.

எலும்புக்குள் என்ன இருக்கிறது?

எலும்பு என்றாலே சுண்ணாம்புக் கட்டி என்ற எண்ணம் நம்மிடம் பதிந்துவிட்டது. கனத்தில் பார்த்தால் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த தாதுப்பொருள்தான் எலும்பில் பெரும்பங்கு. இடத்தில் பார்த்தால் ஏறத்தாழ பாதியை அடைத்திருப்பது புரதம். அதன் பெயர் கொலாஜன். கான்கிரீட் தூணில் கம்பி என்ன வேலை செய்கிறதோ அதுதான் எலும்பில் கொலாஜனின் வேலை. தாது கடினத்தைத் தருகிறது. கொலாஜன் வளைந்து கொடுக்கும் தன்மையைத் தருகிறது. கொலாஜன் இல்லாத எலும்பு சாக்பீஸ் மாதிரி ஒடியும், தாது இல்லாத எலும்பு துவளும்.

இந்தக் கட்டுமானம் ஒருமுறை எழுப்பி முடித்துவிடும் வேலை இல்லை. உடம்புக்குள் இரண்டு வகை உயிரணுக்கள் ராப்பகலாக உழைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு வகை பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும். இன்னொரு வகை அந்தக் குழியில் புது எலும்பை வைக்கும். பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. கரைத்தெடுத்த கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் சில ஏற்கெனவே உருமாறியவை. அவற்றை மறுபடியும் பயன்படுத்த வழியில்லை, சிறுநீரில் போய்விடும். ஆகவே புதுக் கொலாஜனுக்கு வேண்டிய சரக்கு தினமும் சாப்பாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

முப்பது வயதுவரை வைப்பது அதிகம், எடுப்பது குறைவு. அதன்பின் கணக்கு மெல்லத் திரும்புகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் சட்டென்று குறைவதால் கரைக்கும் உயிரணுக்களின் கை ஓங்குகிறது. அதையடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் மட்டும் எலும்பு அடர்த்தியில் 10 முதல் 20 சதவீதம் வரை போய்விடலாம். வலி இருக்காது, வீக்கம் இருக்காது. முழங்கால் வலியை "எலும்பு தேய்மானம்" என்று சொல்கிறோமே, அது மூட்டு சம்பந்தப்பட்ட வேறு நோய். எலும்புப்புரை என்கிற ஆஸ்டியோபோரோசிஸ் எந்த அறிகுறியும் காட்டாமல் வளர்ந்து, ஒருநாள் கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டில் முறிகிறது. அல்லது முதுகெலும்பு நசுங்கி, கூன் விழுந்து, உயரம் குறைகிறது.

குற்றவாளிக் கூண்டில் புரதம்

புரதம் எலும்புக்கு நல்லது என்று இன்று சொல்வது எளிது. ஒரு நூற்றாண்டின் பெரும்பகுதி அதற்கு நேர்மாறான கருத்து மருத்துவ உலகில் செல்வாக்கோடு இருந்தது. இன்றும் இணையத்தில் "பால் குடித்தால் எலும்பு கரையும்" என்று பரவும் வீடியோக்களின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதனால் அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

1920-இல் அமெரிக்க வேதியியலாளர் ஹென்றி ஷெர்மன் மனிதனுக்கு எவ்வளவு கால்சியம் தேவை என்று ஆராய்ந்தார். புரதம் கூடக் கூடச் சிறுநீரில் வெளியேறும் கால்சியமும் கூடுகிறது என்பது அந்தக் காலத்திலிருந்தே கவனத்துக்கு வந்த விஷயம். 1968-இல் வாக்மன், பெர்ன்ஸ்டீன் என்ற இருவர் லான்செட் இதழில் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். இறைச்சி, பால் போன்றவற்றின் புரதத்தில் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் உண்டு. அவை உடைபடும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தைச் சமன்செய்ய உடம்பு தன் எலும்பிலிருந்தே காரத்தை எடுத்துக் கொடுக்கிறது, கூடவே கால்சியமும் கரைந்து போகிறது. இதுதான் அவர்கள் சொன்னது.

கேட்பதற்குக் கச்சிதமான கருத்து. இதற்கு இன்னொரு துணையும் கிடைத்தது. 1992-இல் பல நாடுகளின் கணக்கை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, விலங்குப் புரதம் அதிகம் சாப்பிடும் நாடுகளில்தான் இடுப்பு எலும்பு முறிவும் அதிகம் என்று காட்டியது. ஸ்வீடனும் நார்வேயும் பால் அதிகம் குடிக்கின்றன, அங்கேதான் எலும்பும் அதிகம் முறிகிறது, ஆகவே பால்தான் காரணம் என்று முடிச்சுப் போட்டார்கள். அந்த நாடுகளில் மனிதர்கள் 80, 85 வயதுவரை வாழ்கிறார்கள். உயரமானவர்கள். குளிர்காலத்தில் வெயில் கிடையாது, தரையெல்லாம் பனி. நாட்டோடு நாட்டை ஒப்பிடும்போது இவை எல்லாம் மறைந்துபோகின்றன.

சிறுநீரில் போகும் கூடுதல் கால்சியம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் வழக்கின் மையம். எலும்பிலிருந்து வருகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், யாரும் பின்தொடர்ந்து பார்க்கவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் கெர்ஸ்டெட்டர், யேல் மருத்துவர்களோடு சேர்ந்து அதைச் செய்தார். கால்சியத்தின் அடையாளமிட்ட ஐசோடோப்புகளைப் பெண்களுக்குக் கொடுத்து, அவை உடம்பில் எங்கே போகின்றன என்று கணக்கெடுத்தார்கள். 2005-இல் முடிவு வெளியானது. புரதம் அதிகமானபோது சிறுநீரில் கால்சியம் கூடியது உண்மைதான். அதே வேளையில் குடல் உறிஞ்சும் கால்சியமும் கூடியிருந்தது. வெளியேறிய கூடுதல் கால்சியத்தின் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வந்ததுதான், எலும்பை யாரும் கொள்ளையடிக்கவில்லை.

இதற்கு முன்பே 2000-இல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் நகரில் நடந்த ஆய்வு இன்னொரு அடி கொடுத்திருந்தது. அந்த ஊரின் முதியவர்கள் 615 பேரின் எலும்பை நான்கு ஆண்டு இடைவெளியில் அளந்து பார்த்தார்கள். புரதத்தை மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களிடம்தான் தொடை எலும்பிலும் முதுகெலும்பிலும் இழப்பு அதிகமாக இருந்தது. விலங்குப் புரதம் அதிகம் சாப்பிட்டவர்களின் எலும்புக்குக் கேடு எதுவும் தெரியவில்லை. 2018-இல் சர்வதேச எலும்புப்புரை அறக்கட்டளையின் ஒப்புதலோடு வந்த வல்லுநர் அறிக்கை, கால்சியம் போதுமான அளவு கிடைக்கும்வரை புரதம் எலும்பைக் கெடுக்காது என்று சொன்னது. என் பார்வையில் அமிலக் குற்றச்சாட்டு அத்தோடு முடிந்துவிட்டது.

ஜெனீவா காட்டிய வழி

இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 1998-இல் வந்தது. ஜெனீவாவில் ரெனே ரிசோலி, ஜான் பிலிப் பொன்ஷூர் ஆகியோரின் குழு, இடுப்பு முறிந்து மருத்துவமனைக்கு வந்த 82 முதியவர்களை எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் ஆறு மாதம் தினமும் 20 கிராம் புரதம் கூடுதலாகக் கிடைத்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, புரதம் கிடைக்காதவர்களின் தொடை எலும்பு மேற்பகுதியில் 4.7 சதவீத அடர்த்தி போயிருந்தது. புரதம் கிடைத்தவர்களுக்கு 2.3 சதவீதம். இழப்பு ஏறத்தாழ பாதியாகிவிட்டது. மறுவாழ்வு மருத்துவமனையில் படுத்திருந்த காலமும் 54 நாளிலிருந்து 33 நாளாகக் குறைந்தது.

கவனியுங்கள், இரு பக்கத்தாருக்கும் கால்சியம் கிடைத்தது. வித்தியாசம் புரதத்தில்தான். நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் கால்சியமும் வைட்டமின் டியும் தவறாமல் இருக்கின்றன. இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் பாட்டி என்ன சாப்பிட வேண்டும் என்பதற்குப் பெரும்பாலும் "நல்லா சாப்பிடுங்க" என்ற ஒரு வார்த்தைதான் கிடைக்கிறது. இந்த அலட்சியம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புரதம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் ஜெனீவா குழு ஒரு தடயம் கொடுத்தது. புரதம் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி உயர்ந்திருந்தது. இதைப் பெரும்பாலும் சுரப்பது கல்லீரல். எலும்பை வைக்கும் உயிரணுக்களை இது ஊக்குவிக்கிறது. சிறுநீரகத்தில் வைட்டமின் டி முழு வீரியம் பெறுவதற்கும் துணை செய்கிறது. அதனால் குடல் கால்சியத்தை நன்றாக ஈர்க்கிறது. தசை வளரவும் இதே காரணி வேண்டும். வயதாக ஆக இதன் அளவு குறைகிறது, சாப்பாடு குறைந்தால் இன்னும் வேகமாகக் குறைகிறது. பல் போய், பசி மந்தித்து, "ராத்திரிக்கு ரெண்டு இட்லி போதும்" என்று ஒதுங்கும் வயதில்தான் எலும்புக்கு இது அதிகம் தேவைப்படுகிறது.

பாலுக்குள் இருப்பவை

பசும்பாலில் புரதம் நூற்றுக்கு 3.3 பங்குதான். அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். பாலைத் திரித்தால் கட்டியாக ஒதுங்குவது அதுதான். மிச்சம் வே புரதம், திரிந்த பாலின் மஞ்சள் நிறத் தண்ணீரில் தங்குவது. கேசின் செரிக்கும்போது பாஸ்பேட் ஒட்டிய சிறுசிறு துண்டுகள் உண்டாகின்றன. அவை கால்சியத்தைக் கெட்டியாகப் படிய விடாமல் குடலில் கரைந்த நிலையில் வைத்திருக்கக் கூடியவை. பாலின் கால்சியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உடம்பு எடுத்துக்கொள்கிறது. பசலைக்கீரையிலும் கால்சியம் உண்டு, ஆனால் அதிலிருக்கும் ஆக்சலேட் அதைக் கட்டிப்போட்டுவிடும்.

வே புரதத்தில் மிகச் சிறிய அளவில் இருக்கும் லாக்டோஃபெரின் என்பதுதான் ஆய்வாளர்களை அதிகம் கவர்ந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜில்லியன் கார்னிஷ் குழு 2004-இல் இதைச் சோதித்தது. ஆய்வுக்கூடத்தில் எலும்பை வைக்கும் உயிரணுக்கள் பெருகின, கரைக்கும் உயிரணுக்கள் உருவாவது குறைந்தது. எலிகளின் எலும்பும் வளர்ந்தது. ஜப்பானில் ஸ்நோ பிராண்ட் பால் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பாலின் காரப் புரதங்களைத் தனியே பிரித்தெடுத்தார்கள். 2001-இல் வெளியான சோதனையில் 33 பெண்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 40 மில்லிகிராம் கொடுத்தபோது ஆறு மாதத்தில் குதிகால் எலும்பின் அடர்த்தி மற்றவர்களைவிடக் கூடியது. 40 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகையைவிடக் குறைவு. இது உணவு என்ற கணக்கில் வராது, உயிரணுக்களுக்குப் போகும் கட்டளை என்ற கணக்கில்தான் வரும்.

இங்கே நம் வாசகர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். லாக்டோஃபெரின் சூட்டைத் தாங்காது. நாம் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிறோம், காய்ச்சத்தான் வேண்டும். அந்தக் கொதிப்பில் இந்த நுண்புரதங்களின் வடிவம் குலைந்துவிடுகிறது. அமினோ அமிலங்கள் எங்கும் போகவில்லை, கால்சியமும் போகவில்லை. ஆகவே காய்ச்சிய பால் எலும்புக்கு நல்லது என்ற பேச்சு அப்படியே நிற்கிறது. பிரித்தெடுத்த புரதத்தை வைத்து நடந்த சோதனையைக் காட்டி டப்பா விற்க வருபவரிடம்தான் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்.

எல்லாச் சோதனையும் ஜெயிக்கவில்லை

வே புரதப் பவுடர் எலும்பைக் காக்குமா என்று நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 70 முதல் 80 வயதுக்குள் இருந்த ஆரோக்கியமான பெண்கள் 219 பேர் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினர் இரண்டு ஆண்டுகள் தினமும் 30 கிராம் வே புரதம் கலந்த பானம் குடித்தார்கள். ஐ.ஜி.எஃப்-1 உயர்ந்தது. எலும்பில் மாற்றமில்லை. கெர்ஸ்டெட்டரின் குழுவும் 45 கிராம் வே புரதத்தைப் பதினெட்டு மாதம் கொடுத்துப் பார்த்தது. எலும்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தசை ஓரளவு காப்பாற்றப்பட்டது.

மெல்பர்னில் வென்றது பெர்த்தில் ஏன் தோற்றது? பெர்த் பெண்கள் ஏற்கெனவே உடல் எடைக்குப் போதுமான புரதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். மெல்பர்ன் முதியவர்கள் தேவைக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்கள், கிலோவுக்கு 0.9 கிராம்தான். அது 1.1 கிராமாக உயர்ந்தது. ஜெனீவா நோயாளிகளும் முறிவுக்குப் பின் நலிந்திருந்தவர்கள். குறை இருந்த இடத்தில் புரதம் வேலை செய்கிறது, நிறைந்த இடத்தில் இன்னும் கொட்டினால் பலனில்லை. இத்தனை ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தபோது எனக்குத் தெளிந்த விஷயம் இதுதான்.

பாலைக் குடம் குடமாகக் குடிக்கச் சொல்கிறவர்களுக்கு 2014-இல் ஸ்வீடனிலிருந்து ஒரு எச்சரிக்கை வந்தது. 61,000-க்கும் அதிகமான பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த மிக்கேல்சன் குழு, நாளுக்கு மூன்று டம்ளருக்கு மேல் பால் குடித்த பெண்களிடம் எலும்பு முறிவும் இறப்பும் அதிகம் என்று கண்டது. தயிர் வகையும் சீஸும் சாப்பிட்டவர்களிடம் இரண்டுமே குறைவாக இருந்தன. இது பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு மட்டுமே, காரணத்தை நிரூபிக்காது. இதற்கு நேர் எதிர்த்திசையில், பிரிட்டனில் ஏறத்தாழ 55,000 பேரைக் கவனித்த ஆய்வு 2020-இல் வந்தது. பாலும் முட்டையும் இறைச்சியும் அறவே தொடாதவர்களுக்கு, இறைச்சி சாப்பிடுகிறவர்களைவிட இடுப்பு முறிவு 2.3 மடங்கு. குறைந்த எடை, குறைந்த கால்சியம், குறைந்த புரதம் மூன்றும் அதற்குப் பகுதிக் காரணங்கள் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

மெல்பர்ன் ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் பால் தொழில் அமைப்புகள் உண்டு. அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள், நாமும் மறக்கக்கூடாது. எலும்பு முறிந்ததா இல்லையா என்பது எக்ஸ்ரேயில் தெரியும் உண்மை, யார் பணம் கொடுத்தாலும் மாறாது என்பதால் நான் அதை நம்புகிறேன். இன்னொன்று, அந்த இல்லங்களில் இருந்தவர்களுக்கு வைட்டமின் டி குறைவில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த அடித்தளம் இல்லாமல் பாலை மட்டும் ஊற்றினால் அதே பலன் வரும் என்று சொல்ல முடியாது.

வேலூரும் நம் தட்டும்

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற 150 பெண்களைப் பரிசோதித்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் இல்லை, நடமாடிக்கொண்டு வீட்டு வேலை பார்த்தவர்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எலும்புப்புரை இருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வைட்டமின் டி போதவில்லை. இத்தனை வெயில் காயும் ஊரில்! சாப்பாட்டில் கிடைத்த கால்சியமும் தேவையைவிட மிகக் குறைவு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200.

புரதத்துக்கு வருவோம். ஐரோப்பிய எலும்புநோய் வல்லுநர்கள் மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2014-இல் பரிந்துரைத்தார்கள். 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 50 முதல் 60 கிராம். நம் வீட்டு அம்மாவின் ஒரு நாளைக் கூட்டிப் பார்க்கலாம். காலையில் மூன்று இட்லி, சாம்பார்: சுமார் 10 கிராம். மதியம் சோறு, ரசம், பொரியல், நீர்மோர்: 12 கிராம் வந்தால் அதிகம். ராத்திரி இரண்டு இட்லியோ ஒரு வாய் ரசஞ்சாதமோ: 4, 5 கிராம். இரண்டு வேளை காபியில் கலந்த பால்: 5 கிராம். மொத்தம் 32. எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் மிச்சத்தை வழித்துப் போட்டுக்கொள்ளும் பழக்கமும், வாரத்தில் இரண்டு நாள் விரதமும் சேர்ந்தால் இன்னும் குறையும். "நான்தான் ரெண்டு வேளை பால் விட்டுக் காபி குடிக்கிறேனே" என்பார். அந்தக் காபி இரண்டிலும் சேர்த்துப் பால் 150 மில்லிதான்.

பள்ளத்தை நிரப்புவது கஷ்டமில்லை. 200 மில்லி பாலில் ஏறத்தாழ 6.5 கிராம் புரதம், 240 மில்லிகிராம் கால்சியம். ஒரு கிண்ணம் கெட்டித் தயிரில் 5 கிராம். 50 கிராம் பன்னீரில் 9 கிராம். மெல்பர்னில் கூட்டிக் கொடுத்தது நம் கணக்கில் அரை லிட்டர் பாலுக்கும் குறைவு. கொழுப்பு வேண்டாம் என்று நினைப்பவர்கள் சமன்படுத்திய பாலை வாங்கலாம். கொழுப்பு குறைந்தாலும் புரதமும் கால்சியமும் குறையாது. நீர்மோர் வெயிலுக்கு நல்லது, ஆனால் ஒரு கரண்டித் தயிரை ஒரு செம்பு தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு அதைப் புரதக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, கடமுடா என்கிறது என்று சொல்பவர்கள் நம் பக்கம் நிறைய. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி பெரியவர்களானபின் குறைவது வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் அதிகம். அவர்களுக்குத் தயிரும் பன்னீரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். தயிராக உறையும்போதே அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன.

பாலே பிடிக்காதவர்களையும் பாலை விட்டவர்களையும் எலும்பு கைவிடாது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 9 கிராமுக்கு மேல். 100 கிராம் மீனில் 18 கிராம், அது முள்ளோடு சாப்பிடும் நெத்திலியானால் கால்சியமும் உண்டு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. ராகிக்கூழில் மோரை விட்டுக் குடித்த பழக்கத்தில் கால்சியமும் புரதமும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. பாலின் சிறப்பு, கால்சியமும் தரமான புரதமும் ஒரே டம்ளரில், மெல்லத் தேவையில்லாமல், பல் போனவருக்கும் கிடைக்கிறது என்பதுதான்.

சிறுவயதில் எலும்பைச் சேர்ப்பதற்கும் தனி மதிப்பு உண்டு. 1979-இல் மட்கோவிச் குழு இன்றைய குரோஷியாவில் இரண்டு வட்டாரங்களை ஒப்பிட்டது. பால் பொருட்கள் தாராளமாகச் சாப்பிட்ட வட்டாரத்தில் இடுப்பு முறிவு குறைவு. இரண்டு ஊர்க்காரர்களும் வயதாகும்போது எலும்பை ஒரே வேகத்தில்தான் இழந்தார்கள். முப்பது வயதில் எவ்வளவு சேர்த்திருந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு இருந்தது. பெய்ஜிங்கில் பத்து வயதுச் சிறுமிகளுக்கு இரண்டு ஆண்டுகள் பால் கொடுத்தபோது எலும்பு கூடியது. நிறுத்தி மூன்று ஆண்டுகளில் அந்தக் கூடுதல் காணாமல் போனது. பரீட்சை மாதத்தில் மட்டும் பால் கொடுக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் புரதத்தைத் தாங்களாகவே கூட்டக் கூடாது, மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். எலும்புப்புரை உறுதியானவர்களுக்கு மருந்து தேவை, பால் அதற்கு மாற்று இல்லை. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு லேசாக விழுந்தும் மணிக்கட்டு முறிந்தால், கட்டுப் போட்டதோடு விடாமல், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். நடையும் மாடிப்படியும் எழுந்து உட்காரும் பயிற்சியும் இல்லாமல் எந்தப் புரதமும் தசையாகத் தங்காது.

அடுத்த முறை அம்மாவையோ மாமியாரையோ டாக்டரிடம் கூட்டிப் போகும்போது கால்சியம் மாத்திரையை மாற்றி எழுதி வாங்குவதோடு திரும்பிவிடாதீர்கள். அவருடைய எடைக்கும் சிறுநீரக நிலைக்கும் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம் வேண்டும் என்று கேளுங்கள். அந்த எண்ணை அடுப்படியில் ஒட்டி வையுங்கள். தயிரையும் முட்டையையும் வீட்டில் முதலில் அவருக்கு எடுத்து வைத்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள்.